கனடாவில் துவேசம்: எங்களுக்கு நடக்கும்போதும் எங்கள் கையால் நடக்கும்போதும்

புதிதாக வந்தவர்களுக்குப் பனிச்சப்பாத்து எங்கே வாங்குவது, லைசன்ஸ் எப்படி எடுப்பது என்று சொல்லித்தர இங்கே ஆளுக்குக் குறைவில்லை. யாராவது துவேசத்தோடு நடத்தினால் என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள். "விடுங்கோ, அதெல்லாம் இருக்கும்தான். நாங்கள் எங்கட அலுவலைப் பாப்பம்" என்பதோடு கதை முடிந்துவிடும்.

நான் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தவள். இப்போது புதிதாக வரும் பெண்களுக்குப் படிவம் நிரப்ப உதவி செய்கிறேன். அவர்களோடு மேசையில் இருந்து சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். சட்டம் என்று நான் சொல்வதெல்லாம் ஒன்ராறியோ மாகாணச் சட்டம். வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் தங்கள் மாகாணத்தில் எந்த அலுவலகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பகுதி எங்களுக்கு நடப்பது பற்றியது. பிற்பகுதி நாங்கள் மற்றவர்களுக்குச் செய்வது பற்றியது. முதல் பகுதிக்குத் தலையாட்டுகிறவர்கள் பிற்பகுதி வரும்போது தேநீர் போட எழும்பிவிடுவார்கள். கொஞ்சம் இருங்கள்.

விடுப்பா, துவேசமா?

"எந்த நாடு?" என்று ஒருவர் கேட்டவுடனே முகத்தைச் சுளிக்க வேண்டாம். எங்கள் ஆட்கள் பஸ்ஸில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் ஊர் கேட்டு, படித்த பள்ளிக்கூடம் கேட்டு, சம்பளம் வரைக்கும் போவார்கள். அந்த விடுப்பு மற்றவர்களுக்கும் இருக்கலாம்தானே. கேள்வியை விட, அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். பதிலைக் கேட்டுவிட்டுத் தன் பாட்டன் ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலில் வந்த கதையைத் தொடங்குகிறவர் விடுப்புக்காரர். அவரோடு இருந்து கதையுங்கள். ஸ்காபரோ என்று சொன்ன பிறகும் "அதில்லை, உண்மையில் எங்கே?" என்று தோண்டிவிட்டு, பிறகு உங்களுக்கு மட்டும் பதவி உயர்வு தராமல் விடுகிறவர் வேறு ஆள்.

வேலை, வீடு, கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் இனம், நிறம், வம்சம், பிறந்த இடம், மதம் போன்ற காரணங்களால் உங்களுக்கு ஒன்று கிடைக்காமல் போனாலோ, அங்கே உங்களை இழிவாக நடத்தினாலோ அது சட்டத்துக்குள் வரும். அவர் கெட்ட எண்ணத்தோடுதான் செய்தார் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. உங்களுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இதைச் சொன்னவுடன் பல பெண்களின் முகம் மாறும். "அவ நல்லவதான் அக்கா, வேணுமெண்டு செய்யேல்ல" என்று அதுவரை மற்றவருக்காக வாதாடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இன்னொன்று, "கனேடிய அனுபவம் இருக்கிறதா?" என்ற கேள்வி. ஊரில் கணக்காளராகவும் ஆசிரியராகவும் இருந்தவர்களை இங்கே களஞ்சியத்தில் பெட்டி தூக்க வைத்தது இந்த ஒரு கேள்விதான். ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இலேயே இதைப் பாகுபாடு என்று சொல்லிவிட்டது. 2026 ஜனவரி 1இலிருந்து, 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் பொதுவில் போடும் வேலை விளம்பரத்தில் கனேடிய அனுபவம் வேண்டும் என்று எழுத முடியாது. அப்படி ஒரு விளம்பரத்தைக் கண்டால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். நாளைக்கு அது இருக்காது.

அன்றைக்கே எழுதுங்கள்

நடந்ததை அன்றைக்கே எழுதுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. திகதி, நேரம், இடம், யார் சொன்னது, யார் பக்கத்தில் நின்றது, நீங்கள் என்ன சொன்னீர்கள். இவ்வளவும் போதும். ஆனால் ஒரு விதி இருக்கிறது. "கேவலமாகப் பேசினார்" என்று எழுதாதீர்கள். அவர் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே எழுதுங்கள். ஆங்கிலத்தில் சொன்னது என்றால் ஆங்கிலத்தில், எழுத்துப்பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் பெண்களுக்கு இதில்தான் கை நடுங்கும். தூஷணத்தைக் கையால் எழுதக் கூச்சம். எழுதாவிட்டால், விசாரிக்கிறவர் முன் "ஒரு மாதிரிப் பேசினார்" என்பது மட்டும்தான் மிஞ்சும்.

எழுதியதை உங்களுக்கு நீங்களே ஈமெயிலில் அனுப்புங்கள். வேலையிடத்து ஈமெயிலில் வேண்டாம், உங்கள் சொந்தத்தில். நாளும் நேரமும் அதில் தானாக விழும். நீங்களும் சேர்ந்து பேசுகிற உரையாடலைப் போனில் பதிவு செய்வது கனடாவில் குற்றமில்லை. ஆனால் நீங்கள் அங்கே இல்லாமல் மற்ற இருவர் பேசுவதை ஒளித்துப் பதிவு செய்தால் குற்றம். வேலையிடத்தில் இதற்குத் தனி விதி இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் என்ன சொல்வது என்று கேட்பார்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு நான் ஒரு வரிதான் பழக்குவேன்: "வட் டு யூ மீன் பை தற்?" அதாவது, நீங்கள் சொல்வதன் அர்த்தம் என்ன? குரலை உயர்த்தாமல் கேட்டுவிட்டு, பேசாமல் நில்லுங்கள். பகிடி விட்டவன் அந்தப் பகிடியைத் தானே விளக்க வேண்டி வரும். பாதிப்பேருக்கு அதிலேயே வாய் அடைத்துவிடும். மற்றப் பாதிப்பேர் விளக்கம் சொல்வார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறதி நோயாளி திட்டினால்

எங்கள் பெண்களில் எத்தனையோ பேர் முதியோர் இல்லங்களில் வேலை செய்வதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டிமென்ஷியா வந்த ஒரு மூதாட்டி, குளிக்க வார்க்கப் போனால் கையைத் தட்டிவிட்டு, "உன்ர அழுக்குக் கையாலை தொடாதை" என்பதை ஆங்கிலத்தில் கத்துவார். பத்து நிமிடம் கழித்து அதே கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என் மகளா?" என்று கேட்பார். இதற்குக் கோபப்படுவதா, இரங்குவதா? இரண்டும் வரும். வந்துவிட்டுப் போகட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் கையை எடுங்கள், ஓரடி பின்னால் வாருங்கள், ஆபத்தில்லாத நிலையில் அவரை விட்டுவிட்டு நேர்சைக் கூப்பிடுங்கள். கொஞ்ச நேரத்தால் திரும்பப் போங்கள், வேறு பக்கத்தாலே, துவாயைக் காட்டிக்கொண்டு. பிறகு அவர் சொன்ன சொற்களை அப்படியே அவருடைய கோவையில் பதியச் சொல்லுங்கள். நோயாளி மேல் குற்றம் சுமத்துவதற்காக அல்ல. நிறுவனத்துக்குத் தெரியாது என்று பிறகு ஒருவரும் சொல்ல முடியாமல் இருப்பதற்காக. "வருத்தக்கார மனிசி, பொறுத்துக்கொள்" என்று மேற்பார்வையாளர் சொல்வார். மனிசி வருத்தக்காரிதான். மேற்பார்வையாளருக்கு வருத்தமில்லையே. தொல்லை நோயாளியிடமிருந்து வந்தாலும் வேலை செய்கிறவரைப் பாதுகாக்கும் பொறுப்பு முதலாளியினுடையது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சில இடங்களில், சத்தம் வேண்டாம் என்று அந்த நோயாளிக்கு வெள்ளைக்காரப் பெண்ணை மட்டும் அனுப்பத் தொடங்குவார்கள். முதலில் நிம்மதியாக இருக்கும். கொஞ்ச நாளில் பார்த்தால் நல்ல நேர அட்டவணை எல்லாம் அந்தப் பெண்ணுக்குப் போயிருக்கும், பாரம் தூக்குகிற வேலை எல்லாம் ஜமேக்காக்காரிக்கும் பிலிப்பினோக்காரிக்கும் எங்களுக்கும் வந்திருக்கும். ஆளை மாற்றுவதென்றால் எல்லாரையும் சுழற்சியில் மாற்றச் சொல்லுங்கள். தனியாகப் போய்ச் சொல்லாமல் மூன்று நான்கு பேராகப் போங்கள். இப்படிப் போகும்போதுதான், மதிய உணவு மேசையில் தனித்தனியாக இருந்து சாப்பிட்டவர்கள் முதல் தடவையாக ஒருவர் பெயரை மற்றவர் ஒழுங்காகக் கேட்டுக்கொள்வார்கள்.

பொலிஸ் மறித்தால்

கார் ஓட்டும்போது மறித்தால் லைசன்ஸ், வாகனப் பதிவு, காப்புறுதி மூன்றையும் காட்டத்தான் வேண்டும். வாக்குவாதம் வேண்டாம். நடந்து போகும்போது சும்மா மறித்துப் பெயரும் விலாசமும் கேட்டால் கதை வேறு. 2017 ஜனவரி 1இலிருந்து ஒன்ராறியோவில் ஒரு விதி இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு குற்றத்தை விசாரிக்காமல் பொதுவாக விபரம் திரட்டுகிற பொலிஸ்காரர், ஏன் கேட்கிறார் என்று சொல்ல வேண்டும். நீங்கள் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தன் பெயரும் இலக்கமும் உள்ள துண்டு ஒன்றைத் தர முன்வர வேண்டும். "ஆம் ஐ ஃப்ரீ ரு கோ?" (நான் போகலாமா?) என்று மரியாதையாகக் கேட்டுப் பழகுங்கள்.

கொழும்பில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, பிறந்த இடத்தைப் பார்த்து ஆமிக்காரன் முகம் மாறுவதைக் கண்ட தலைமுறை நாங்கள். ரொறன்ரோவில் இந்த மறிப்பு அளவுக்கு மிஞ்சி நடந்தது கறுப்பினப் பிள்ளைகளுக்கு. "அவங்கள் ஏதும் செய்திருப்பாங்கள், அதுதான் மறிக்கிறாங்கள்" என்று எங்கள் ஆட்கள் வாயால் கேட்கும்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரியும். இதே வசனத்தை எங்களைப் பற்றிச் சொன்னவர்களை விட்டுத்தானே இவ்வளவு தூரம் ஓடி வந்தோம்.

எங்கே முறையிடுவது

முதலில் வேலையிடத்தில் எழுத்தில் கொடுங்கள். யூனியன் இருந்தால் அவர்களுக்கும். அதில் சரிவராவிட்டால் ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. கடைசிச் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும், இதைத்தான் ஆட்கள் தவற விடுகிறார்கள். மனித உரிமைச் சட்ட உதவி மையம் இலவசமாக ஆலோசனை தரும். வங்கி, விமான நிறுவனம், தொலைபேசி நிறுவனம் போன்றவை மத்திய அரசின் கீழ் வருவதால், அவற்றுக்குக் கனேடிய மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். அங்கேயும் ஒரு வருடம்தான்.

தீர்ப்பாயம் யாரையும் மறியலுக்கு அனுப்பாது. மனம் புண்பட்டதற்கும் இழந்த சம்பளத்துக்கும் நட்டஈடு கொடுக்க வைக்கலாம், நடைமுறையை மாற்ற வைக்கலாம். காலம் எடுக்கும், பொறுமை வேண்டும். முறையிட்டதற்காகப் பழிவாங்குவதும் சட்டவிரோதம். அதையும் சொல்லித்தான் அனுப்புவேன், ஏனென்றால் வேலை போய்விடும் என்ற பயம்தான் பாதிப்பேரின் வாயைக் கட்டுகிறது. அடி, மிரட்டல், வீட்டுச் சுவரில் கிறுக்கல் என்றால் இதெல்லாம் வேண்டாம், நேரே பொலிஸ்.

பஸ்ஸில் வேறு யாருக்காவது நடந்தால்? கத்துகிறவனோடு கத்தாதீர்கள். அவனைப் பார்க்காமல், ஏச்சு வாங்குகிறவர் பக்கத்தில் போய் இருந்து, தெரிந்த ஆளைப்போல, "அடுத்த தரிப்பிடம் எது?" என்று கேளுங்கள். பயமாக இருந்தால் சாரதியிடம் சொல்லுங்கள். ஏச்சு வாங்கியவர் இறங்கும்போது, சாட்சி வேண்டுமென்றால் என்று உங்கள் போன் இலக்கத்தை எழுதிக் கொடுங்கள். முக்காடு போட்ட பெண்ணுக்கு நடந்தாலும், தலைப்பாகை கட்டியவருக்கு நடந்தாலும் இதே செய்கைதான்.

இனி எங்கள் பேஸ்மென்ட்

எங்கள் அத்தான் நல்ல மனிசன். எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டைப் பறிகொடுத்தவர். வந்த புதிதில், ஒரு வீட்டுக்காரி கதவைத் திறந்து முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்பதான் வாடகைக்குப் போச்சுது" என்று சொன்னதை இன்றைக்கும் கலியாண வீடுகளில் சொல்லுவார். இப்போது அவருக்குச் சொந்த வீடு, கீழே தனிக் கதவு, தனிக் குசினி, தனிக் குளியலறையோடு பேஸ்மென்ட். விளம்பரம் எழுத என்னிடம் வந்தார்.

"தமிழ் ஆக்களுக்கு மட்டும் எண்டு போடு பிள்ளை."

"அப்படிப் போடேலாது அத்தான்."

"சரி, போடாதை. கறுப்பு ஆக்கள் எடுத்தா முடிஞ்சுது எண்டு சொல்லுவம்."

அந்த வீட்டுக்காரி சொன்ன அதே சொல். நான் அதைச் சொல்லிக் காட்டியதும் அத்தானுக்குக் கோபம் வந்தது. "அது வேறை, இது வேறை. நான் என்ர வீட்டைப் பாக்க வேணும்" என்றார். உண்மையில் வேறாக இருப்பது ஒன்றுதான்: திறப்பு இப்போது அவர் கையில் இருக்கிறது.

சட்டம் இதில் தெளிவு. வீட்டுக்காரரோடு அல்லது அவர் குடும்பத்தோடு குசினியையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ளும் அறை என்றால் மட்டும் விதிவிலக்கு உண்டு. தனியாக எல்லாம் இருக்கிற பேஸ்மென்ட்டுக்கு இனம், நிறம், மதம் பார்த்து ஆள் எடுக்க முடியாது. சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வெல்ஃபெயர் எடுக்கிறார்கள் என்றும் தட்டிக் கழிக்க முடியாது.

அத்தானுக்குச் சொன்ன முறையை உங்களுக்கும் சொல்கிறேன். போன் வர முதலே ஒரு கடதாசியில் கேள்விகளை எழுதுங்கள்: எப்போது குடிவர வேண்டும், எத்தனை பேர், வருமானத்துக்கு என்ன சான்று, கடன் அறிக்கை தரலாமா, முந்திய வீட்டுக்காரரின் போன் இலக்கம் தரலாமா. யார் எடுத்தாலும் இதே கேள்விகள், இதே ஒழுங்கு. முதலில் எடுத்தவருக்கு முதலில் வீட்டைக் காட்டுங்கள். கடைசி மாத வாடகையை முற்பணமாக வாங்கலாம். உடைவுக்கென்று தனி வைப்புப் பணம் வாங்கக் கூடாது. மாகாணத்தின் பொது ஒப்பந்தப் படிவத்தையே பாவியுங்கள். கடதாசியில் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், யாருக்கு ஏன் கொடுத்தீர்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்கும். பதிலை எழுத முடியாமல் பேனா நின்றால், ஏன் நிற்கிறது என்று நீங்களே பாருங்கள்.

"கறுப்பு ஆக்கள் சும்மா இனவாதம் எண்டு கத்திக்கொண்டு இருக்கிறாங்கள், நாங்கள் உழைச்சு முன்னேறேல்லையோ" என்று சொல்கிற ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவருக்கு ட்ரெஸ்டன் கதையைச் சொல்லுங்கள். ஒன்ராறியோவின் தெற்கே இருக்கிற சிறிய ஊர். அங்கே அந்தக் காலத்தில் உணவகங்களில் கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு கொடுக்க மாட்டார்கள். ஹியூ பேர்னெட் என்ற கறுப்பினத் தச்சர், இரண்டாம் உலகப் போரில் படையில் இருந்தவர், அயலவர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்துக் கேள்வி கேட்டார். 1949இல் ஊரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். எல்லாருக்கும் சேவை கொடுக்க வேண்டும் என்றவர்கள் 108 பேர், வேண்டாம் என்றவர்கள் 517 பேர். அவர்கள் விடவில்லை. மாகாண அரசை நெருக்கி, 1954இல் பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவர வைத்தார்கள். சட்டம் வந்த பிறகும் அதே உணவகங்களில் போய் இருந்து, சாப்பாடு மறுத்தவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். அந்தத் தடத்தில்தான் 1962இல் ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் வந்தது. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் எங்கள் ஆட்கள் 155 பேர் மிதந்துகொண்டிருந்தபோது, இங்கே அந்தச் சட்டத்துக்கு வயது இருபத்து நான்கு. வீடு கேட்டு, வேலை கேட்டு நாங்கள் போய் நின்ற வாசல்களை முன்பே தட்டித் திறந்தவர்கள் அவர்கள்.

நிறக் கதையை வீட்டில் நிறுத்துவது இதைவிடக் கடினம். "பிள்ளை கொஞ்சம் கறுப்புத்தான், ஆனா களையான முகம்" என்று சொல்கிற பெரியம்மாவைத் திருத்த முடியாது. ஆனால் பிள்ளைக்கு முன்னால், "ஏன் 'ஆனா' பெரியம்மா?" என்று கேட்கலாம். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். மற்ற இனத்தவரைக் குறிக்க எங்கள் வீடுகளில் புழங்கும் சில சொற்களை இங்கே எழுத மாட்டேன், எல்லாருக்கும் தெரியும். அவற்றைக் கேட்டு வளர்கிற பெடியன் பள்ளிக்கூடத்தில் என்ன பேசுவான் என்று அதிபர் கூப்பிட்டுச் சொல்லும்போது ஆச்சரியப்பட வேண்டாம்.

கடைசியாக, எங்களுக்குள்ளேயே கேட்கிற கேள்வி. "ஊரில எந்தப் பக்கம்?" முன்பு சொன்ன விடுப்புக் கேள்விதான். ஆனால் ஊர் சொன்ன பிறகு, "அதில எவடம்? எந்தக் கோயிலடி?" என்று இறங்கினால் என்ன தேடுகிறார்கள் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். சாதியால் காட்டும் பாகுபாடும் மனித உரிமைச் சட்டத்துக்குள் அடங்கும் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2023 ஒக்ரோபரில் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. அதனால் உங்கள் கேள்விக் கடதாசியில் ஊர் என்ற வரியே இருக்கத் தேவையில்லை. வாடகை கட்டுவாரா என்று அறிய ஊர் எதற்கு?

வீடு தேடி அலைகிற தங்கைமாருக்கும் ஒன்று. கோயிலடியைக் கேட்டுவிட்டு "அது போச்சுது பிள்ளை" என்று போனை வைக்கிற வீட்டுக்காரர் எங்கள் ஆள் என்பதற்காக விட்டுவிட வேண்டாம். அந்த விளம்பரம் அடுத்த நாளும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திகதியோடு ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், அவர் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுங்கள். மேலே சொன்ன அதே தீர்ப்பாயம், அதே ஒரு வருடம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள்.